பிணம் சொறியக் கூடாது

ஆவடியில் ராணுவத்துக்கு வண்டி செய்கிற ஒரு தொழிற்சாலையில், வருஷா வருஷம் மார்ச் நாலாம் தேதி காலை பத்தரை மணிக்கு வேதமுத்து செத்துப்போவார். பாதுகாப்பு வார விழா நாடகத்தில்தான். ஹெல்மெட் போடாமல் கிரேனுக்குக் கீழே போகிற தொழிலாளி முதல் காட்சியிலேயே 'அம்மா' என்று ஒரு சத்தம் கொடுத்து விழுந்துவிடுவான். மீதி முக்கால் மணி நேரமும் அவனைப் பெஞ்சில் கிடத்தி, வெள்ளைத் துணி போர்த்தி, மாலை போட்டு, ஒவ்வொருத்தராக வந்து அழுவார்கள். அழுகைக்கு நடுவே ஹெல்மெட்டின் நன்மைகளையும் எடுத்துச் சொல்வார்கள். கடைசியில் மனைவியாக நடிக்கிறவள், "ஒரு வார்த்தை பேச மாட்டீங்களா?" என்று கதறும்போது பிணம் எழுந்து உட்கார்ந்து சபையைப் பார்த்து, "நண்பர்களே, தலைக்கவசம் அணிந்திருந்தால் இன்று நானும் உங்களில் ஒருவனாக இருந்திருப்பேன்" என்று சொல்லும். திரை விழும். தமிழ் தெரியாத ஜெனரல் மானேஜர் எல்லாருக்கும் முன்னால் கை தட்டுவார்.

பதினோரு வருஷமாக அந்தப் பிணம் வேதமுத்துதான். ஃபவுண்டரியில் மோல்டர் வேலை. மணலில் அச்சுப் பிடித்து, உருக்கிய இரும்பை ஊற்றுகிற இடத்தில் நின்று நின்று, பொறி பறந்து மேலே விழுந்தாலும் பதறாத உடம்பு. ஒரு வருஷம் ஒப்பாரி வைத்தவர் உணர்ச்சிவசப்பட்டுக் குத்துவிளக்கைத் தட்டிவிட்டு, சூடான எண்ணெய் பிணத்தின் காலில் கொட்டியது. பிணம் அசையவில்லை. அந்த வருஷம் அவருக்கு எவர்சில்வர் டிபன் கேரியர் பரிசு கொடுத்தார்கள். "வேதமுத்து மாதிரி சாக ஆள் கிடையாது" என்று குவார்ட்டர்ஸ் முழுக்கப் பேச்சு.

தொண்ணூற்றைந்து ஜூன் மாதம் அவருடைய இரண்டு கிட்னியும் ஒன்றாக ராஜினாமா செய்தன. அதன் பிறகு வாரத்தில் இரண்டு நாள் தொழிற்சாலை வேன் அவரை அண்ணா நகர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகும். நாலு மணி நேரம் மிஷினில் ரத்தம் சுற்றும். திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். ஃபவுண்டரியிலிருந்து அவரை எடுத்து ஸ்டோர்ஸில் ரிஜிஸ்டர் எழுதப் போட்டார்கள். இதற்கெல்லாம்கூட வேதமுத்து பழகிவிட்டார். பழக முடியாதது ஒன்றே ஒன்று, அரிப்பு.

சும்மா அரிப்பு இல்லை. முதுகில் தொடங்கும், தொடைக்கு இறங்கும், உள்ளங்காலுக்குப் போய் அங்கிருந்து தலைக்கு ஏறும். சொறிந்தால் கேட்காது. சீப்பு, ஸ்கேல், கதவு நிலை, ஸ்டோர்ஸில் கிடந்த இரும்பு பிரஷ் எல்லாம் பார்த்தாகிவிட்டது. அவர் சொறிகிற சத்தத்தில் மனைவி அருள்செல்விக்கும் தூக்கம் போனது. ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து அவர் முன்பக்கம் சொறிய, அவள் பின்பக்கம் தேய்த்துவிடுவாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் புருஷனும் பெண்டாட்டியும் இவ்வளவு நேரம் ஒன்றாக விழித்திருந்தது அதுதான் முதல் தடவை.

"பாஸ்பரஸ் ஒன்பது புள்ளி ரெண்டு. நாலரைக்குள்ள இருக்கணும். அதான் அரிக்குது" என்றார் கிட்னி டாக்டர்.

பாஸ்பரஸ் என்றால் வேதமுத்துவுக்குத் தெரிந்தது தீப்பெட்டி, அதை விட்டால் எலி மருந்து. காற்றுப் பட்டால் பற்றிக்கொள்ளும் சாமான், தண்ணீருக்குள் வைக்க வேண்டும் என்று பாதுகாப்பு வகுப்பில் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஒரு வாரம் ஸ்டவ் பக்கமே போகவில்லை. அது எல்லாச் சாப்பாட்டிலும் இருக்கிற சத்துதான், கிட்னி ஓடினால் ஒன்றுக்கோடு போய்விடும், ஓடாவிட்டால் உள்ளேயே தங்கிவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. டாக்டர் பாலை நிறுத்தச் சொன்னார், முட்டை, ஈரல், கருவாடு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். சாக்பீஸ் மாதிரி வெள்ளையாக ஒரு மாத்திரை, வேளைக்கு இரண்டு எழுதினார். "வித் ஃபுட்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஆறு மாதம் ஓடியது. ஒன்பது ஒன்பதாகவே நின்றது. "வீட்ல என்னமோ கொடுக்கிறீங்க" என்று டாக்டர் அருள்செல்வியைப் பார்த்துச் சொன்னார். அவள் வீட்டில் கருவாட்டு வாசனை அடித்தே ஆறு மாதம் ஆகியிருந்தது. வேனில் திரும்பும்போது கரையான்சாவடியிலிருந்து ஆவடி வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள். அன்றைக்கு வேன் எதற்கோ சுற்றுவழியில் வந்ததால் அழுகையும் கொஞ்சம் நீண்டுவிட்டது.

பொங்கல் முடிந்து நாடக ஒத்திகை தொடங்கியது. நாடகத்தை எழுதி, இயக்கி, திரையையும் தானே இழுக்கிறவர் வெல்ஃபேர் இன்ஸ்பெக்டர் கோதண்டம். வேதமுத்து வழக்கம்போலச் செத்து, பெஞ்சில் படுத்தார். ஐந்து நிமிஷம் தாங்கினார். ஆறாவது நிமிஷம் துணிக்குள்ளே கை போனது. மனைவி வேஷம் போட்ட தாட்சாயிணி டீச்சர் "என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே" என்று மார்பில் அடித்துக்கொள்ளும்போது, விட்டுவிட்டுப் போனவர் தொடையைச் சொறிந்துகொண்டிருந்தார். டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"வேதமுத்து, பொணம் சொறியக் கூடாது" என்றார் கோதண்டம்.

"துணிக்குள்ளதானே சார் சொறிஞ்சேன்."

"துணியே ஆடுது ஐயா. ஜி.எம். பாத்தார்னா உயிரோட இருக்கிறவனை எதுக்குப் பொதைக்கிறீங்கன்னு கேப்பார்." கோதண்டம் அவரை ஓரமாக அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார். "இன்னொரு விஷயம். தப்பா எடுத்துக்கக் கூடாது. உன் உடம்பு இருக்கிற நிலைமையில உன்னையே பொணமா படுக்க வச்சு மாலை போடறது... சில பேர் சங்கடப்படறாங்க. இந்த வருஷம் கேன்டீன் கலியமூர்த்தியைப் போட்டுக்கலாம்னு பாக்கறேன்."

வேதமுத்துவுக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. ஆறு மாதமாக எல்லாரும் அவரைப் பார்க்கிற பார்வை அவருக்குத் தெரியும். ஃபவுண்டரிக்காரர்கள் தோளில் கை போடாமல் நலம் விசாரித்தார்கள். ரேஷன் வரிசையில் முன்னால் போகச் சொன்னார்கள். பக்கத்து பிளாக்கில் ஒருத்தர், "அருள்செல்விக்கு ஃபேக்டரியிலேயே வேலை கிடைக்கும், கவலைப்படாதீங்க" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். மனுஷன் உயிரோடு நிற்கும்போதே வேலையைப் பெண்டாட்டிக்கு எழுதிவிட்டார்கள். ஊர் முழுக்கத் தன்னைப் பாதி பிணமாகப் பார்க்கிறது, மேடையில் மட்டும்தான் அது நடிப்பு, அங்கே மட்டும்தான் கடைசியில் எழுந்து உட்காரலாம். அந்த மேடையையும் விட்டுக்கொடுத்தால் தான் செத்தது உறுதியாகிவிடும் என்று வேதமுத்து நிஜமாகவே நினைத்தார்.

"கலியமூர்த்தியா? அவன் படுத்தா வயிறு ஏறி இறங்கறது கடைசி வரிசை வரைக்கும் தெரியும் சார்" என்றார். "எனக்கு ஒரு சான்ஸ் குடுங்க. பிப்ரவரி கடைசியில முழு ஒத்திகை இருக்கில்ல? அன்னிக்கு நான் சொறிஞ்சா நானே எறங்கிக்கறேன்."

கோதண்டம் அரை மனதாகத் தலையாட்டினார்.

அடுத்த டயாலிசிஸுக்குப் போனதும் வேதமுத்து டெக்னீஷியன் வேம்புலியைப் பிடித்துக்கொண்டார். வேம்புலி பூந்தமல்லிக்காரன். டாக்டர் மூணு வார்த்தையில் சொல்வதை முப்பது வார்த்தையில் சொல்கிற நல்ல குணம் அவனிடம் இருந்தது.

"தம்பி, நாலு மணி நேரத்தை இன்னிக்கு ஆறு மணி நேரமா ஓட்டு. அந்தப் பாஸ்பரஸை மொத்தமா உருவி வெளிய போட்டுடு."

"மிஷின் இன்னா பூதமா அண்ணாத்தே? ரத்தத்துல கீறத மட்டும்தான் அது எட்க்கும். மீதியெல்லாம் எலும்புலயும் சதையிலயும் பூந்து குந்திகினு கீது. நீ ஊட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அது மெதுவா எறங்கி ரத்தத்துக்கு வந்துடும். மழைக்கு ஊட்டுக்குள்ள தண்ணி பூந்துச்சுன்னா நீ பக்கெட்ல மொண்டு மொண்டு ஊத்துவ, தெருத்தண்ணி திரும்ப வாசப்படி ஏறி வரும்ல, அந்தக் கதைதான். வாசலை அடைச்சாதான் ஆச்சு."

"வாசல் எது?"

"வாய்தான். துண்ற சோத்துலயே அத்தப் புடிச்சுக் கட்டணும். அதுக்குத்தான் அந்த வெள்ள மாத்திர. பைண்டர்னு பேரு. நீ அத்தப் போடுறியா இல்லியா?"

"ஒரு வேளை தவறினதில்ல."

"எப்டிப் போடுற, சொல்லு பாப்போம்."

வேதமுத்து பெருமையாகச் சொன்னார். மாத்திரை டப்பா இருப்பது இயேசு படத்துக்குக் கீழே ஸ்டாண்டில். எச்சில் கையோடு அதைத் தொட அருள்செல்வி விடமாட்டாள். மருந்து என்றால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. அதனால் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, வாய் கொப்பளித்து, தட்டையும் கழுவி வைத்துவிட்டு, முழங்காலில் நின்று ஜெபம் பண்ணுவார். இரண்டு பிள்ளைகள், இரண்டு பக்கத்துச் சொந்தம், ஃபவுண்டரிக்காரர்கள், சுகவீனமாயிருக்கிற சபையார் என்று ஆரம்பித்து ஜெனரல் மானேஜர் குடும்பம் வரைக்கும் வந்து முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். அதன் பிறகு சுத்தமான கையால் டப்பாவைத் திறந்து இரண்டு மாத்திரை.

வேம்புலி மிஷினைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பக்கத்துப் படுக்கை நோயாளி என்ன விஷயம் என்று கேட்டு, தெரிந்துகொண்டு, அவரும் சிரித்தார்.

"யோவ் அண்ணாத்தே! சோறு எறங்கி அது பாட்டுக்குப் போயே போயிடுச்சு. ஒரு அவர் கழிச்சு நீ பைண்டர அனுப்பினா அது உள்ள போய் யாரப் புடிக்கும்? சோத்தோட சோறா போவணும்யா. நடூல. ரெண்டு வாய் சோறு, ஒரு மாத்திர, மறுபடி ரெண்டு வாய் சோறு. நல்லா கடிச்சு மென்னு முழுங்கணும்."

 பைண்டர் என்ற வார்த்தை வேதமுத்துவுக்குப் புதுசே இல்லை. இருபத்து நாலு வருஷமாக ஃபவுண்டரியில் அதே பெயருள்ள சாமானைத்தான் மணலில் கலந்திருக்கிறார். மணலோடு மணலாகப் பிசைந்தால்தான் அது பிடிக்கும். அச்சைப் பிடித்து முடித்துவிட்டு மேலே தெளித்தால் இரும்பை ஊற்றினதும் எல்லாம் பொலபொலவென்று சரிந்துவிடும். புதுப் பையன்கள் இந்தத் தப்பைச் செய்தால், "உங்க அப்பன் மாவு பிசைஞ்சு முடிச்சப்புறமாடா தண்ணி ஊத்துவான்?" என்று கேட்டு அழவைத்திருக்கிறார். இப்போது ஆறு மாதமாக அதே தப்பைத் தன் வயிற்றில் செய்திருக்கிறார், அதுவும் முழங்காலில் நின்று. வெட்கமாக இருந்தது.

வீட்டில் அன்றைக்கே சண்டை.

"சாப்பாட்டுக்கு நடுவுல எப்படிங்க மாத்திரையைத் தொடுவீங்க? எச்சக் கை!" என்றாள் அருள்செல்வி.

"இடது கையால எடுத்துக்கறேன்."

"மருந்தை இடது கையாலயா? நல்லா இருக்கு. அதுவும் அந்தக் கையாலயா?" இடது கையில்தான் டயாலிசிஸ் ஊசி போட ரத்தக்குழாயை இணைத்துத் தைத்திருந்தார்கள். தொட்டால் உள்ளே கர்ரென்று ஓடும். அருள்செல்வி அதை மோட்டார் என்பாள். அந்தக் கையால் ஒரு தம்ளரைக்கூடத் தூக்கவிடமாட்டாள்.

"வலது கை எச்சக் கை, இடது கை மோட்டார் கை. அப்ப மாத்திரையைக் காலால எடுக்கட்டுமா?"

 அடுப்படிக்குள் போன அருள்செல்வி ஒரு சின்னக் கிண்ணத்தில் இரண்டு மாத்திரையும் ஒரு ஸ்பூனும் கொண்டுவந்து, சோற்றுப் பானை பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு வாய் சோறு உள்ளே போனதும் ஸ்பூனால் ஒரு மாத்திரையை எடுத்து, தட்டோரம் ஊறுகாய் வைக்கிற இடத்தில் வைத்தாள். "கூட்டுன்னு நெனைச்சு சாப்பிடுங்க. பரிமாறினதைத் தொட்டா எச்சில் இல்லை" என்றாள். அவ்வளவு சுலபமான வழி ஆறு மாதமாக யாருக்கும் தோன்றாததற்கு இருவரும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டே அந்தச் சாப்பாடு முடிந்தது.

ரசம் சாதத்துக்கு நடுவே சாக்பீஸைக் கடித்து மெல்வது ஒன்றும் கல்யாண விருந்து இல்லை. முதல் நாள் வேதமுத்துவுக்குக் குமட்டியது. ஜெபத்தை அருள்செல்வியே சாப்பாட்டுக்கு முன்னால் மாற்றி, கால் மணி நேரமாகக் குறைத்தாள். அதில் ஜெனரல் மானேஜர் குடும்பம் அடிபட்டுப்போனது. கேன்டீன் சாப்பாட்டுக்கும் ஸ்பூனோடு ஒரு டப்பா கட்டிக் கொடுத்தாள். கலியமூர்த்தியே அதைத் திறந்து அவர் தட்டில் மாத்திரை வைக்க வேண்டும் என்று ஏற்பாடு. தன் வேஷம் பறிபோவதற்குத் தானே உதவுகிறோம் என்பது பாவம் அவனுக்குத் தெரியாது.

முதல் இரண்டு வாரம் ஒரு மாற்றமும் இல்லை. "பூந்து குந்திகினு கீறது எறங்கணும்ல, பொறு" என்றான் வேம்புலி. மூன்றாம் வாரம் உள்ளங்கால் அடங்கியது. அப்புறம் தொடை. பிப்ரவரி கடைசியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது ஐந்து புள்ளி ஆறு. "பாத்தீங்களா, நான் சொன்ன டயட்டை ஒழுங்கா ஃபாலோ பண்ணினா எப்படிக் குறையுது" என்று டாக்டர் தன்னையே பாராட்டிக்கொண்டார். அருள்செல்வி வாயைத் திறக்கப் போனாள். வேதமுத்து அவள் காலை மிதித்தார்.

முழு ஒத்திகையில் பிணத்தின் கட்டைவிரல் ஒரே ஒரு தடவை ஆடியது. கோதண்டம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டார்.

மார்ச் நாலு. ஹால் நிறைந்துவிட்டது. முன் வரிசையில் ஜெனரல் மானேஜர், அவர் பக்கத்தில் அதிகாரிகள், பின்னால் குடும்பம் குட்டியோடு குவார்ட்டர்ஸ் முழுக்க. வேதமுத்து கிரேனுக்குக் கீழே போனார், 'அம்மா' என்றார், விழுந்தார். பெஞ்சில் தூக்கிக் கிடத்தும்போது நாலு பேரும் வழக்கத்தைவிட மெதுவாகக் கிடத்தியது அவருக்குத் தெரிந்தது. மாலை விழுந்தபோது ஹாலில் ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. முந்தின வருஷங்களில் இந்த இடத்தில் விசில் அடிப்பார்கள்.

'அழுங்கடா, நல்லா அழுங்க. கடைசியில எழுந்து உக்காருவேன் பாரு, அப்ப இருக்கு உங்களுக்கு' என்று மனதுக்குள் கறுவிக்கொண்டார். அரிப்புக்காகக் காத்திருந்தார். முதுகில் வருமா? வரவில்லை. தொடையில்? இல்லை. உடம்பு முழுக்க ஒரு சுற்று தேடிப் பார்த்தார். எங்கேயும் இல்லை. மேலே ஃபேன் சுற்றியது. டீச்சரின் ஒப்பாரி எங்கோ தூரத்துக்குப் போனது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

"ஒரு வார்த்தை பேச மாட்டீங்களா?" என்று டீச்சர் கதறினாள். பிணம் எழவில்லை. இன்னொரு தடவை கதறினாள். மூன்றாவது தடவை கேட்டபோது அவள் குரலில் நடிப்பு இல்லை. கோதண்டம் திரைக்குப் பக்கத்திலிருந்து கையை நீட்டிப் பிணத்தின் காலைக் கிள்ளினார். அசைவில்லை. எண்ணெய் கொட்டியே அசையாத காலாயிற்றே. ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே எண்ணம்தான் வந்தது, ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஜெனரல் மானேஜர் எழுந்து நின்றார். பின் வரிசையில் ஒரு பெண் "ஐயோ" என்று தொடங்கினாள்.

அருள்செல்வி மேடையேறினாள். யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய் வெள்ளைத் துணிக்குள் கையை விட்டு அவருடைய இடது கையைத் தொட்டாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து அவர் மூஞ்சியைப் பார்த்தாள். அந்த மூஞ்சியை அவள் எட்டு மாதமாகப் பார்க்கவில்லை.

"யாரும் சத்தம் போடாதீங்க" என்றாள். "தூங்குறாரு."

கோதண்டத்துக்கு உயிர் திரும்பி வந்தது, கூடவே நாடகமும் ஞாபகம் வந்தது. "எழுப்பும்மா! கடைசி வசனம் இருக்கு!"

"எழுப்ப மாட்டேன்" என்றாள் அருள்செல்வி. "எட்டு மாசமாச்சு சார் அவர் கண்ணை மூடி. வசனத்தை நான் சொல்லிடறேன்." சபைப் பக்கம் திரும்பினாள். மேடையே ஏறாதவள். வசனம் மறந்துவிட்டது. "எல்லாரும் தலையில தொப்பி போட்டுக்குங்க" என்றாள். கொஞ்சம் யோசித்து, "எழுந்து போறப்ப நாற்காலியை இழுக்காதீங்க" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

கோதண்டம் திரையை அங்குலம் அங்குலமாக இழுத்தார். ஜெனரல் மானேஜர் கை தட்டப் போனார். பக்கத்திலிருந்த அதிகாரி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எழுநூறு பேர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஹாலைவிட்டு வெளியே போனார்கள்.

வேதமுத்து கண் விழித்தபோது மணி இரண்டு இருக்கும். ஹால் காலி. திரை மூடியிருந்தது. வெளியே சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு யாரோ சண்டை போடும் சத்தம் கேட்டது. தலைக்கவச வசனம் சொன்னோமா இல்லையா என்று யோசித்தார். சொல்லவில்லை என்று தெரிந்ததும் பகீரென்றது. எழுந்துகொள்ளப் பார்த்தார், முடியவில்லை. வலது கைமேல் ஏதோ பாரம்.

அருள்செல்வி தரையில் உட்கார்ந்து, பெஞ்சில் சாய்ந்து, அவர் கைமேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்ணுக்குக் கீழே கருப்பாக இருந்தது. தான் தூங்காத ராத்திரிகளை எண்ணித் தன்மேல் பரிதாபப்பட்ட வேதமுத்து, அவளும் அதே ராத்திரிகளில் தூங்கவில்லை என்பதை அன்றைக்குத்தான் நின்று நினைத்துப் பார்த்தார். 

அந்த நேரம் பார்த்து வலது தோளுக்குக் கீழே ஓர் அரிப்பு கிளம்பியது. மறந்துபோன பாக்கியை எல்லாம் சேர்த்துக் கேட்கிற மாதிரி அரித்தது. கையை உருவினால் அவள் எழுந்துவிடுவாள். உடம்பைப் பெஞ்சில் தேய்த்தால் பெஞ்சு கிறீச்சிடும்.

வேதமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார். மூச்சை மெதுவாக விட்டார். பார்க்க ஒருத்தரும் இல்லாத அந்த மேடையில், அவள் தானாக விழிக்கிற வரைக்கும், ஒரு விரல்கூட ஆடாமல் கிடந்தார்.